பள்ளிவாசல் தெருவில் ஒரு பழைய வீடு



நம்மில் பெரும்பாலோர் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் வீடு வாங்குகிறோம். ஒளுவில் ஒரு விரலிடுக்கு நனையவில்லை என்றால் ஓடிவந்து மஸ்அலா கேட்கும் நாம், ஆயுள் முழுவதும் சேர்த்த பொருளைக் கொடுத்து வீடு வாங்கும்போது தரகரைக் கேட்கிறோம், வக்கீலைக் கேட்கிறோம், மார்க்கத்தைக் கேட்பதில்லை. ஆலிமைத் தேடி வருவதோ, பத்திரம் பதிந்து முடித்து, குடிபுக நாள் குறிக்க வரும்போதுதான். அதன்பின் ஹலால் எது, ஹராம் எது என்று சொல்லி என்ன பயன்?

குறிப்பாக, ஊரின் நடுவே பழைய தெருக்களில் வீடு வாங்குவோர் அறிந்துகொள்ள வேண்டியவை பல உள்ளன. சென்னை திருவல்லிக்கேணியை எடுத்துக்கொள்வோம். ஆற்காட்டு நவாபின் குடும்பத்தார் 1795ஆம் ஆண்டில் எழுப்பிய வாலாஜா பெரிய பள்ளிவாசல் அங்கே இருக்கிறது. அதைச் சுற்றிலும் ஒன்றோடொன்று சுவர் ஒட்டிய பழைய வீடுகள். பாங்கொலி கேட்டுப் புறப்பட்டால் தக்பீருக்குள் ஸப்பில் நிற்கலாம். ஜாம்பஜாரில் காய்கறி வாங்கி நடந்தே வீடு திரும்பலாம். பிள்ளைகள் ஓதுமிடமும் கூப்பிடு தூரம். இத்தகைய தெருக்கள் காயல்பட்டினத்திலும் உண்டு. மதுரை காஜிமார் தெருவிலும் உண்டு. அங்கெல்லாம் வீடு விலைக்கு வருகிறது என்றால் உள்ளம் ஆசைப்படுவது இயல்பே. அந்த ஆசை இபாதத்தாக மாறுவதும், பாவச் சுமையாக மாறுவதும் நாம் வாங்கும் முறையில் இருக்கிறது.

பள்ளிக்கு அருகில் இருப்பது மட்டுமே சிறப்பா?

பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் வீடு என்றவுடன், அதுவே பெரும் நன்மை என்று நினைக்கிறோம். மதீனாவில் பனூஸலமா என்ற கூட்டத்தார் மஸ்ஜிதுந் நபவிக்குத் தொலைவில் குடியிருந்தனர். பள்ளிக்கு அருகே குடிபெயர அவர்கள் விரும்பியபோது, அவர்கள் இருந்த இடத்திலேயே இருக்குமாறும், அவர்களின் காலடிகள் எழுதப்படுகின்றன என்றும் நபி (ஸல்) அவர்கள் கூறிவிட்டார்கள். (முஸ்லிம்)

உபை இப்னு கஅபு (ரலி) அவர்கள் அறிவிக்கும் மற்றொரு செய்தியும் உண்டு. அன்ஸாரித் தோழர் ஒருவரின் வீடு மற்ற எல்லோரின் வீட்டையும் விடத் தொலைவில் இருந்தது. ஆயினும் ஒரு தொழுகையும் அவருக்குத் தவறியதில்லை. இருட்டிலும் வெயிலிலும் ஏறிவர ஒரு கழுதை வாங்கக்கூடாதா என்று கேட்டபோது, பள்ளிக்குப் பக்கத்தில் தம் வீடு இருப்பதைத் தாம் விரும்பவில்லை என்றும், தாம் வரும் நடையும் திரும்பும் நடையும் எழுதப்படவேண்டும் என்றே விரும்புவதாகவும் அவர் சொன்னார். அவ்வளவும் அல்லாஹ் அவருக்குச் சேர்த்து வைத்துவிட்டான் என்று நபி (ஸல்) அவர்கள் நற்செய்தி கூறினார்கள். (முஸ்லிம்)

இதிலிருந்து தெரிவதென்ன? தொலைவில் இருப்பவனுக்கு அவனுடைய நடை நன்மை. அருகில் இருப்பவனுக்கு ஜமாஅத்து தவறாமை நன்மை. சுவருக்கு அப்பால் இகாமத்துச் சொல்லும்போது கட்டிலில் படுத்திருப்பவனுக்கு எந்த நன்மையும் இல்லை. ஆகவே பள்ளித் தெருவில் வீடு வாங்குபவர் முதலில் நிய்யத்தைச் செம்மைப்படுத்திக் கொள்ளட்டும். ஐவேளை ஜமாஅத்து, வயதான பெற்றோர் நடந்து பள்ளிக்குச் செல்லும் வசதி, பிள்ளைகளின் மார்க்கக் கல்வி ஆகியவற்றை நாடி வாங்கினால், அதற்காகச் செலவிடும் பொருளுக்கும் கூலி உண்டு. நாளை விலை ஏறும், விற்றுவிடலாம் என்று மட்டும் நினைத்து வாங்கினால், அது ஒரு வியாபாரச் சரக்கு. ஆண்டுதோறும் அதன் அன்றைய மதிப்பில் நூற்றுக்கு இரண்டரை வீதம் ஜகாத்தும் கடமையாகிவிடும். குடியிருக்க வாங்கும் வீட்டுக்கு ஜகாத் இல்லை.

விசாலமான வீடு, நல்ல மனைவி, நல்ல அயலார், இதமான வாகனம் ஆகிய நான்கையும் நற்பாக்கியத்தில் சேர்த்து நபி (ஸல்) அவர்கள் எண்ணியுள்ளார்கள். (இப்னு ஹிப்பான்) அயலாரைப் பற்றி விசாரியாமல் அறைகளை மட்டும் எண்ணிப் பார்ப்பவர், நான்கில் ஒன்றைப் பாராமலே விலை பேசுகிறார்.

விற்பவர் யார்?

பழைய வீடுகளில் மிகப் பெரிய மஸ்அலா இதுவே. இரண்டு, மூன்று தலைமுறையாகப் பாகம் பிரியாமல் கிடக்கும் வீட்டை, அதில் இன்று குடியிருப்பவர் தம்முடையது என்று விற்க வருவார். பாட்டனார் காலத்துப் பத்திரம் கையில் இருக்கும். அவருக்கு உடன்பிறந்த சகோதரிகள் இருப்பார்கள். அவர் தந்தைக்கும் சகோதரிகள் இருந்திருப்பார்கள். அவர்கள் பங்கு என்னவாயிற்று?

ஒரு கணக்குப் பார்ப்போம். ஒருவர் மனைவியையும், இரு ஆண் மக்களையும், இரு பெண் மக்களையும் விட்டு இறந்தார். வேறு வாரிசு இல்லை. கடனும் வஸிய்யத்தும் தீர்ந்தபின் அவருடைய வீட்டை 48 பங்காக்கினால், மனைவிக்கு எட்டில் ஒன்றாக 6 பங்கு. மீதி 42இல், ஆணுக்கு இரு பெண்களின் பங்கு என்ற திருக்குர்ஆனின் விதிப்படி, மகன் ஒவ்வொருவருக்கும் 14, மகள் ஒவ்வொருவருக்கும் 7. வீடு 96 லட்சம் ரூபாய்க்கு விலை போனால் தாய்க்கு 12 லட்சம், மகனுக்கு 28 லட்சம் வீதம், மகளுக்கு 14 லட்சம் வீதம். இரு அண்ணன் தம்பிகள் மட்டும் 48 லட்சம் வீதம் எடுத்துக்கொண்டால், தாயிடமும் சகோதரிகளிடமும் இருந்து 40 லட்சம் ரூபாயைப் பறித்தவர்கள் ஆவர். பங்கு கொடுக்கப்படாமலே ஒரு சகோதரி இறந்திருந்தால் அவள் பங்கு மறைந்துவிடாது. அவளுடைய கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் அது சென்று சேரும். முனாஸகா என்று பராயிளு நூற்கள் இதைத்தான் விரிக்கின்றன.

கல்யாணத்தில் நகை போட்டோம், சீர் செய்தோம், ஆகவே பெண்ணுக்குப் பங்கில்லை என்று சிலர் சொல்கிறார்கள். தந்தை உயிரோடு இருக்கும்போது கொடுத்தது அன்பளிப்பு. மவுத்துக்குப் பின் வருவது அல்லாஹ் விதித்த ஹக்கு. முன்னது பின்னதை அழிக்காது. தங்கை ஒன்றும் கேட்கவில்லையே என்பாரும் உளர். பிறந்த வீட்டு உறவு அறுந்துவிடுமோ என்ற அச்சத்தில் வாய்மூடி இருப்பது சம்மதம் ஆகாது. தன் பங்கு இவ்வளவு என்று அவள் அறிந்து, அதற்கு ஈடாக ஏதேனும் பெற்றுக்கொண்டோ, மனமுவந்து விட்டுக்கொடுத்தோ விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தால் மட்டுமே அது செல்லும்.

இது அவர்கள் குடும்ப விவகாரம், பணம் கொடுத்து வாங்குகிற எனக்கென்ன என்று வாங்குபவர் சொல்ல முடியாது. பிறர் பங்கை அவர் அனுமதியின்றி விற்றால், உரியவர் ஒப்புக்கொள்ளும் வரை அந்தப் பங்கின் விற்பனை நிறைவேறாது என்பது ஹனபி மத்ஹபு. அந்தப் பங்கில் விற்பனையே செல்லாது என்பது ஷாபிஈ மத்ஹபின் வலுவான சொல். அபகரித்த இடம் என்று தெரிந்துகொண்டே அதில் தொழுதால், கடமை நீங்கிவிடும் என்பது பெரும்பாலோர் தீர்ப்பாயினும், பாவம் நீங்காது. ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுத்தவனின் கழுத்தில் ஏழு பூமிகளும் வளையமாக மாட்டப்படும் என்ற எச்சரிக்கை புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. அதை அறிவிக்கும் ஸயீத் இப்னு ஜைத் (ரலி) அவர்கள், தம் வீட்டு நிலத்தில் ஒரு பெண் உரிமை கோரியபோது, இந்த ஹதீதை எடுத்துச் சொல்லி, அவள் கேட்டதை அவளுக்கே விட்டுவிட்டார்கள்!

ஆகவே தாய்ப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் பார்ப்பதோடு நில்லாமல் வாரிசுச் சான்றையும் கேளுங்கள். அதில் பெண்களின் பெயர் விடுபட்டிருக்கிறதா என்று தெருவில் உள்ள மூத்தவர்களிடம் விசாரியுங்கள். முடிந்தால் சகோதரிகளின் பங்குத் தொகையை அவரவர் கையிலேயே கொடுங்கள்.

மகளுக்குக் கொடுத்த வீடு

காயல்பட்டினம் போன்ற ஊர்களில் மணமாகும் பெண்ணுக்கு வீட்டைக் கொடுத்து, மருமகன் அங்கே வந்து வாழும் வழக்கம் இருக்கிறது. அன்பளிப்பு முழுமையாக, பெறுபவரின் கைவசம் வீடு ஒப்படைக்கப்பட வேண்டும். இந்த வீடு உனக்குத்தான் என்று தந்தை வாயால் சொல்லிவிட்டு, ஒப்படைக்காமலே இறந்துவிட்டால், ஹனபியில் அந்த ஹிபத்து செல்லாது. ஷாபிஈயில் ஒப்படைப்பதும் மறுப்பதும் வாரிசுகளின் விருப்பம். ஆகவே மகளிடம் வாங்குபவர், தந்தை காலத்திலேயே அது அவள் வசமாயிற்றா என்று பார்க்க வேண்டும். கொடுக்கும் தந்தையும், பிள்ளைகளிடையே நீதமாக நடக்கும்படி நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களின் தந்தைக்கு நபி (ஸல்) அவர்கள் இட்ட கட்டளையை நினைவில் கொள்ளட்டும்.

வக்பு மனை

பழைய பள்ளிவாசல், தர்கா, மதரஸாவைச் சுற்றியுள்ள மனைகளில் வக்பு நிலமும் கலந்திருக்கலாம். கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தை உமர் (ரலி) அவர்கள் வக்பு செய்தபோது, அது விற்கப்படாது, அன்பளிக்கப்படாது, வாரிசுச் சொத்தாகாது என்றே அதன் நிபந்தனை அமைந்தது. (புகாரி, முஸ்லிம்) ஐம்பது ஆண்டுகளாகக் குடியிருக்கிறோம், வரி கட்டுகிறோம் என்பதால் அல்லாஹ்வின் சொத்து அடியானின் சொத்தாகிவிடாது. பள்ளியின் பழைய ஏடுகளிலும் வக்பு வாரியத்தின் பதிவேட்டிலும் அந்த மனை இருக்கிறதா என்று பார்த்த பின்பே முன்பணம் கொடுங்கள்.

ஷுப்ஆ: அண்டை வீட்டாரின் உரிமை

நம் மக்கள் ஏறக்குறைய மறந்தே போன ஒரு சட்டம் ஷுப்ஆ. பாகம் பிரியாத சொத்தில் ஒருவர் தம் பங்கை வெளியாருக்கு விற்றால், மற்றப் பங்காளி அதே விலையைக் கொடுத்து அதைத் தாமே எடுத்துக்கொள்ளும் உரிமை அது. ஷாபிஈ மத்ஹபில் இவ்வுரிமை பங்காளிக்கு மட்டுமே. ஹனபி மத்ஹபில் முதலில் பங்காளி, அடுத்து வழி, தண்ணீர் போன்றவற்றில் கூட்டுரிமை உள்ளவர், அதற்கடுத்து சுவரொட்டிய அண்டை வீட்டார் என்று வரிசை உண்டு. விற்பனைச் செய்தி அறிந்தவுடனே கோர வேண்டும். விலையைக் குறைத்துக் கேட்க முடியாது.

நம் நாட்டில் சென்னை உயர்நீதிமன்றம் 1870ஆம் ஆண்டிலேயே, இம்மாகாணத்து முஸ்லிம்களிடையே ஷுப்ஆவைச் சட்டமாக ஏற்க இயலாது என்று தீர்ப்பளித்துவிட்டது. ஆகவே வழக்காடிப் பெற முடியாது. ஆனால் மஹ்ஷரின் நீதிமன்றம் ஒன்று இருக்கிறதல்லவா? பங்காளிக்கு அறிவிக்காமல் விற்பது ஆகாது என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். (முஸ்லிம்)

இதில் நாம் படிக்க வேண்டிய வரலாறு ஒன்று புகாரியில் உள்ளது. நபி (ஸல்) அவர்கள் உரிமை விட்ட அடிமையான அபூராபிஉ (ரலி) அவர்களுக்கு, ஸஅது இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்களின் வளவுக்குள் இரண்டு அறைகள் சொந்தமாக இருந்தன. அவற்றை வாங்கிக்கொள்ளும்படி ஸஅது (ரலி) அவர்களிடம் வந்து கேட்டார்கள். அவர்கள் முதலில் மறுத்து, அருகிலிருந்த மிஸ்வர் (ரலி) அவர்கள் வற்புறுத்தவே, தவணை முறையில் 4,000 திர்ஹத்துக்கு மேல் கொடுக்க மாட்டேன் என்றார்கள். அபூராபிஉ (ரலி) அவர்களோ, இதற்கு எனக்கு 500 தீனார் தருவதாகக் கேட்டிருக்கிறார்கள். அண்மையில் இருப்பதால் அண்டை வீட்டாருக்கே அதிக உரிமை என்று நபி (ஸல்) அவர்கள் சொல்ல நான் கேட்டிராவிட்டால் இந்த விலைக்குத் தரமாட்டேன் என்று கூறி, அவர்களுக்கே கொடுத்துவிட்டார்கள்.

500 தீனார் என்பது, தீனாருக்குப் பத்து திர்ஹம் என்று கணக்கிட்டாலும் 5,000 திர்ஹம். அதையும் ரொக்கமாக விட்டுக்கொடுத்து, குறைந்த விலையைத் தவணையில் ஏற்றார்கள். இன்று நாம் என்ன செய்கிறோம்? பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியக்கூடாது என்று இரவோடிரவாக அச்சாரம் வாங்குகிறோம்! அவர் தம் மகனுக்காக அந்த இடத்தைப் பல ஆண்டுகளாக எதிர்பார்த்திருக்கலாம். ஒரு வார்த்தை கேட்பதால் நமக்கென்ன நஷ்டம்? வாங்க வருபவரும், அண்டையாரிடம் கேட்டீர்களா என்று விற்பவரிடம் வினவுவது நன்று. நாளை அதே அண்டையாரோடுதானே அவர் வாழப்போகிறார்!

குறையை மறைக்காதீர்

விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசி, குறைகளைத் தெளிவுபடுத்தினால் அவ்வியாபாரத்தில் பரகத்து உண்டு. மறைத்துப் பொய் சொன்னால் பரகத்து அழிக்கப்படும் என்பது ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அறிவிக்கும் நபிமொழியின் கருத்து. (புகாரி, முஸ்லிம்) பழைய வீடுகளின் மெட்ராஸ் தளம் தேக்கு மரச் சட்டங்களின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு அமைந்தது. சட்டத்தின் முனை சுவருக்குள் நுழையுமிடத்தில்தான் ஈரமும் கரையானும் புகும். அதை வெள்ளையடித்து மறைப்பதும், ஓதம் ஏறிய சுண்ணாம்புச் சுவரின்மேல் சிமெண்டைப் பூசிக் காட்டுவதும் மோசடியாகும். முன்பே இருந்த குறை பின்னர் வெளிப்பட்டால், வாங்கியவர் திருப்பிக் கொடுக்கும் உரிமை பெறுவார்.

வீட்டோடு எவை சேரும் என்பதையும் பிக்ஹு நூற்கள் சொல்கின்றன. நிலம், கட்டடம், பொருத்தப்பட்ட கதவு இவை சொல்லாமலே சேரும். வாளி, கட்டில் போன்றவை சேரா. விலை பேசி முடித்தபின் பர்மா தேக்குக் கதவைக் கழற்றி விற்றுக்கொள்வது, பிறர் பொருளை விற்பதே ஆகும்.

பணம் எங்கிருந்து?

வட்டி வாங்குபவன், கொடுப்பவன், எழுதுபவன், சாட்சிகள் அனைவரையும் நபி (ஸல்) அவர்கள் சபித்துள்ளார்கள். (முஸ்லிம்) வட்டிக் கடனில் வாங்கிய வீட்டில் அமர்ந்து யாஸீன் ஓதி பரகத்துத் தேடுவது எங்ஙனம்? சொந்த வீடு இல்லாமை மட்டும் நிர்ப்பந்தம் ஆகிவிடாது. வாடகை வீடு ஹலாலாக இருக்கிறது. உண்மையான நெருக்கடியில் உள்ளவர் தம் நிலையை முழுமையாக ஒரு முப்தியிடம் சொல்லிக் கேட்கட்டும். பொதுவான அனுமதியாக அதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வழியே இல்லையா? உண்டு. ஸஅது (ரலி) அவர்கள் வாங்கியது தவணையில்தான் என்பதைக் கண்டோம். ரொக்க விலையைவிடத் தவணை விலை கூடுதலாக இருப்பினும், ஒப்பந்தத்தின்போதே ஒரே விலையாக முடிவு செய்துவிட்டால் அது கூடும். பின்னர் தவணை தாமதமானதற்காக ஒரு காசும் கூட்டக்கூடாது. சகோதரர்கள் சேர்ந்து பங்காக வாங்கி, ஒருவர் மற்றவர் பங்கைச் சிறிது சிறிதாக வாங்கிக் கொள்ளலாம்.

சென்னையில் போக்கியம் என்றும் லீசு என்றும் ஒரு வழக்கம் உள்ளது. பெருந்தொகை ஒன்றைக் கொடுத்து, வாடகையின்றி மூன்றாண்டு குடியிருந்து, தொகையை முழுதாகத் திரும்பப் பெறுகின்றனர். கொடுத்த பணம் திரும்பி வருவதால் அது கடன். கடனுக்காகக் குடியிருப்பது அதன்மேல் பெறும் ஆதாயம். நிபந்தனையிட்டுப் பெறும் அத்தகைய ஆதாயம் வட்டியே. நியாயமான வாடகை பேசி, முன்பணத்தைப் பாதுகாப்புக்காக மட்டும் வைத்துக்கொள்வதே நேர்வழி.

கையில் ஒரு விலையும் பத்திரத்தில் வேறு விலையுமாக எழுதுவதும் பரவிவிட்டது. அது பொய். அதில் கையொப்பமிடும் சாட்சி பொய்ச்சாட்சி. பெரும்பாவங்களின் வரிசையில் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தது அது. வில்லங்கம் வந்து பணத்தைத் திரும்பப் பெற நேர்ந்தால், எழுதாத தொகைக்கு ஆதாரமும் இராது.

ஹஜ்ஜுக்குரிய பணம் கையில் இருந்து வீடும் இல்லாதவர் எதை முற்படுத்துவது? தனக்குத் தேவையான வீட்டை முதலில் வாங்கலாம் என்பது ஷாபிஈ மத்ஹபு. ஹனபியில், ஹாஜிகள் புறப்படும் காலம் வருமுன் வீட்டுக்குச் செலவிடலாம். புறப்படும் காலம் வந்துவிட்டால் ஹஜ்ஜே கடமை.

பொதுச் சுவரும் சந்தும்

சுவரோடு சுவர் ஒட்டிய தெருவில் வாழ்பவருக்கு அயலார் ஹக்கு இரட்டிப்பாகிறது. அண்டை வீட்டுக்காரர் தம் சுவரில் உத்தரம் பதிப்பதைத் தடுக்க வேண்டாம் என்று நபிமொழி உள்ளது. (புகாரி, முஸ்லிம்) ஹனபி, ஷாபிஈ இமாம்களின் தீர்ப்பில் இது விரும்பத்தக்கது. இமாம் அஹ்மது (ரஹ்) அவர்களிடம் கடமை.

மாடி எடுப்பவர் கவனிக்க வேண்டிய ஒன்று. உதுமானிய ஆட்சியில் 1869 முதல் 1876 வரை தொகுக்கப்பட்ட மஜல்லா என்னும் ஹனபிச் சட்ட நூல், அண்டை வீட்டின் முற்றம், சமையற்கட்டு, கிணற்றடி ஆகிய பெண்கள் புழங்குமிடங்கள் தெரியும்படி சன்னல் வைப்பதைப் பெருந்தீங்கு என்று எண்ணி, அதை மறைக்கச் செய்கிறது. முற்றம் வைத்த பழைய வீடுகளிடையே புதிய மாடி எழுப்புவோர் முதலில் சிந்திக்க வேண்டியது இதுதான்.

படியையும் திண்ணையையும் சந்துக்குள் நீட்டி, ஜனாஸா சந்தூக்கு திரும்ப இடமில்லாமல் செய்துவிடாதீர்கள். வழியின் அகலத்தில் தகராறு வந்தால் ஏழு முழம் விடுமாறு நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்துள்ளார்கள். (புகாரி, முஸ்லிம்)

அயலார் என்போர் முஸ்லிம்கள் மட்டுமல்லர். திருவல்லிக்கேணியில் பள்ளிவாசலும் உண்டு, பார்த்தசாரதி கோயிலும் உண்டு. இரு தரப்பாரும் தலைமுறைகளாக அடுத்தடுத்து வாழ்கிறார்கள். வீட்டில் ஆடு அறுத்தபோது, நம் யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்று அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்கள் கேட்டார்கள். (அபூதாவூது, திர்மிதி) கேட்ட காரணம், ஜிப்ரயீல் (அலை) அவர்கள் அயலாரைப் பற்றி இடைவிடாது உபதேசித்து வந்ததைக் கூறும் நபிமொழியே.

குடிபுகும்போது

மனையடி சாஸ்திரம் பார்ப்பதும், வாசலில் பூசணிக்காய் உடைப்பதும், எலுமிச்சையும் மிளகாயும் கட்டுவதும் நமக்கு ஆகா. பிஸ்மில்லாஹ் கூறி, வலக்காலை முன்வைத்து, ஸலாம் சொல்லி நுழையுங்கள். ஸூரத்துல் பகரா ஓதப்படும் வீட்டை விட்டு ஷைத்தான் ஓடுகிறான். (முஸ்லிம்) புதுமனை விருந்துக்கு வகீரா என்று பெயர்; அதில் ஏழைகளையும், குறிப்பாகச் சுவரொட்டிய இரு வீட்டாரையும் மறவாமல் அழையுங்கள். இரு அண்டையாரில் யாருக்கு முதலில் அன்பளிப்பது என்று ஆயிஷா (ரலி) அவர்கள் கேட்டபோது, வாசல் அருகில் இருப்பவருக்கே என்றல்லவா நபி (ஸல்) அவர்கள் விடை கூறினார்கள்! (புகாரி)

சகோதரர்களே! வீட்டை நாம் வாங்குகிறோம். அதில் தங்கப்போவது சில காலம். அதன் ஒவ்வொரு சாணுக்கும் கணக்குக் கொடுக்கும் நாள் வரும். எந்தச் சகோதரியின் கண்ணீரும் எந்த அயலாரின் மனக்கசப்பும் அஸ்திவாரத்தில் புதையாத வீடாக அதை வாங்குவோம்.

அல்லாஹ் நம் இல்லங்களை ஹலாலானவையாகவும், தொழுகையும் திருமறையும் நிறைந்தவையாகவும், அயலாருக்கு நிழல் தருபவையாகவும் ஆக்கி, மறுமையில் சுவனத்து மாளிகையில் நம் அனைவரையும் குடியேற்றுவானாக! ஆமீன்.